கல்யாணத்துக்கு நாதஸ்வரம் எதுக்கு, பென்டிரைவ் போதும் என்கிறார்கள்

குடந்தைக்காரன்:
தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, வீடியோ எதற்கும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம் என்று மேளம் பேசலாம் என்றேன், உடனே சித்தப்பா, "யார்றா உட்கார்ந்து கேக்கப் போறா, பென்டிரைவ்ல போட்டா போச்சு" என்கிறார். மாப்பிள்ளை வீட்டார் செண்டை மேளம் கேட்கிறார்கள். எனக்கு மேளம் வேண்டும், ஆனால் ஏன் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல வரவில்லை.

தவில்வீட்டுப் பையன்:
உங்கள் சித்தப்பாவிடம் ஒன்றைக் கேளுங்கள். சாஸ்திரிகள் "கெட்டி மேளம்" என்று கையைத் தூக்குவார். அந்த நொடியில் எந்த ராகத்தின் நடுவில் இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டுக் கெட்டி மேளத்துக்குத் தாவ வேண்டும். தும்மலோ அபசகுனப் பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தான் அந்தச் சத்தம் என்பார்கள் பெரியவர்கள். அதை பென்டிரைவ் எப்படிச் செய்யும்? தவில் வாசிக்கும் என் அப்பா வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கழியோடு, கண்ணை மணவறையிலேயே வைத்திருப்பார். ஆனால் பல மண்டபங்களில் மேளக்காரர்களை வாசல் பக்கம் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள், அங்கிருந்து தாலி கட்டுவதே தெரியாது.

மாயவரம் வாசகி:
யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை என்பது உண்மைதான், அது கேட்கத் தெரியாமல் போன நம் குறை. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க, ஊரே விடிய விடிய உட்கார்ந்திருந்த மண் இது. 1947 ஆகஸ்டில் டெல்லியில் சுதந்திரத்தை வரவேற்று வாசித்ததும் அவர்தான். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று ஊருக்கே நேரம் சொன்னவர்கள் இவர்கள். அப்புறம் வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தையிலும் வைகாசியிலும் சம்பாதிப்பதை வைத்துத்தான் வருஷம் ஓட வேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் வாசிப்பவரைக் கூப்பிட ஆள் இல்லாவிட்டால் கடைபவருக்கு மட்டும் எங்கிருந்து வேலை வரும்?

அளவெட்டியான்:
எங்கட யாழ்ப்பாணப் பக்கம் கோயில் திருவிழாவெண்டால் மேளக் கச்சேரிக்கெண்டே சனம் பாயைக் கொண்டுவந்து விரிச்சு இருக்கும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) தவில் வாசிச்ச காலத்தைப் பற்றி ஐயா இண்டைக்கும் கதைப்பார். தமிழ்நாட்டு வித்வான்களுக்கும் அவர் வாசிச்சவர். நல்ல கலைஞன் வாறதுக்கு நல்லாக் கேக்கிற ஊரும் வேணும்.

குடந்தைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. செண்டையை வரவேற்புக்கு வைத்துக்கொள்ளட்டும், முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம்தான் என்று அப்பாவிடம் பேசிவிட்டேன், சரி என்றார். மேளக்காரர்களுக்கு மணவறைக்கு எதிரே இடம் ஒதுக்கச் சொல்லப்போகிறேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

தவில்வீட்டுப் பையன்:
முதல் நாள் ராத்திரி தங்க ஒழுங்கான அறை கொடுங்கள். சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி வரை காக்க வைக்காதீர்கள். பேசிய பணத்தை அவர்கள் வண்டி ஏறுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். மைக் செட்காரர் நடுவில் சினிமாப் பாட்டுப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிறைய இடங்களில் ஆலாபனை அதனால்தான் பாதியில் நிற்கிறது.