40 லிட்டர் மண் பையில் 33 லிட்டர்தான் வருகிறது: அளவு குறைகிறதா, நான் அளந்ததுதான் தப்பா?

ஈசூன் கறிவேப்பிலை:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் பத்தாவது மாடி. தாழ்வாரத்தில் ஐந்து தொட்டி வைத்திருக்கிறேன்: கறிவேப்பிலை இரண்டு, கத்தரி, வெண்டை, பிறகு பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கொடுத்த பாண்டான் (ரம்பை). பழைய மண் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று போன சனிக்கிழமை ஒரு நர்சரிக்குப் போனேன். ஐரோப்பாவிலிருந்து வரும் பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரப் பொருள்) கலந்த மண், பையில் 40 லிட்டர் என்று போட்டிருந்தது, இரண்டு பை. ஒன்று 18 வெள்ளி. கூடவே இந்தப் பக்கத்திலேயே கட்டிய கம்போஸ்ட், 25 லிட்டர், 8 வெள்ளி.

எனக்குத் தொட்டியின் கொள்ளளவு தெரியும். அடி ஓட்டையை டேப் போட்டு அடைத்து, மண் நிற்க வேண்டிய கோடு வரைக்கும் சமையல் ஜக்கால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். தொட்டிக்கு 15 லிட்டர். அப்படியென்றால் 40 லிட்டர் பை இரண்டரைத் தொட்டிக்கு மேல் வரவேண்டும் அல்லவா? இரண்டு தொட்டி நிரம்பியது. மூன்றாவதில் விழுந்தது மூன்று லிட்டர்தான். ஆக 33. லிட்டர் 45 காசு என்று நினைத்து வாங்கியது ஏறக்குறைய 55 காசாகிவிட்டது.

சரி, இந்தப் பை மட்டும் இப்படியோ என்று கம்போஸ்ட் பையைத் திறந்து 10 லிட்டர் வாளியில் அளந்தேன். இரண்டாவது வாளி முழுதாக நிரம்பவில்லை, ஒரு லிட்டர் குறைவு. 25 என்று எழுதியிருக்கிறது, இருப்பது 19!

அந்தக் காலத்தில் செம்பவாங்கில் அம்மா மளிகைக் கடையில் அரிசி வாங்கும்போது கெட்டிப்பால் டின்னால்தான் அளப்பார்கள். கடைக்காரர் டின்னைத் தூக்கிப் பிடித்து லேசாகச் சொரிந்தால் அம்மா விடமாட்டார். "குலுக்கி அள" என்பார். அவர் பெண்ணான நான் இன்று மண் பையில் ஏமாந்தேனா? உங்களில் யாராவது அளந்து பார்த்திருக்கிறீர்களா? இன்னொரு பீட் பை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

பழைய லாரிக்காரன்:

அக்கா, கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். தொட்டியில் போடும்போது கையால் அமுக்கினீர்களா?

நான் ஆறு வருடம் மொத்த வியாபாரக் கடைக்கு இந்தப் பைகளை ஏற்றி இறக்கியவன். பலகைமேல் ஆள் உயரத்துக்கு அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, கொள்கலனில் வாரக்கணக்கில் கப்பலில் வரும். வந்த பிறகு கிடங்கில் ஒன்றின்மேல் ஒன்று. அடியில் கிடந்த பையைத் தூக்கினால் செங்கல் பிடித்த மாதிரி இருக்கும். மேலே இருந்தது தலையணை. இரண்டிலும் ஒரே மண், ஒரே லிட்டர் அச்சு. கட்டும்போது அதே அளவுதான் போட்டிருப்பார்கள்.

எடை பார்த்து வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பையில் காற்றுப் போக ஊசி ஓட்டை இருக்கும். நர்சரியில் வெளியே அடுக்கி வைத்தால் நம்ம ஊர் மழை உள்ளே போய்விடும். பை கனக்கும். தண்ணீருக்குக் காசு கொடுத்து, அதை நீங்களே பத்தாவது மாடிக்குச் சுமந்து போவீர்கள்.

உருளையும் கோலும்:

அக்கா, நான் ஆய்வுக்கூடத்தில் தூள் சரக்குகளை அளந்து பிழைத்தவன். லாரிக்கார அண்ணன் சொல்வது சரி. கூட ஒரு விஷயம்: அந்த லிட்டர் எந்த லிட்டர் என்று பார்க்க வேண்டும்.

பீட் பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஈஎன் 12580 என்று இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பாவில் தொட்டி மண், மண் வளமூட்டி இவற்றின் அளவைக் கணக்கிட 1999இல் வந்த தரநிலை அது, பிறகு திருத்தியும் இருக்கிறார்கள். முறை எளிது. 20 லிட்டர் கொள்ளும் உருளை, அதன்மேல் ஒரு வளையம், அதற்கும் மேலே சல்லடை. மண்ணைச் சல்லடை வழியாக உதிர விட வேண்டும். தட்டக் கூடாது, அமுக்கக் கூடாது. நிரம்பியதும் வளையத்தை எடுத்துவிட்டு, மேலே நிற்பதை நேர்கோலால் வழித்துத் தள்ளி எடை போடுவார்கள். ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்று வந்துவிடும். பையின் மண் எடையை அதால் வகுத்தால் பையின் லிட்டர்.

ஆக அவர்கள் எழுதுவது பூப்போல உதிர்ந்த மண்ணின் லிட்டர். உங்கள் அம்மா கேட்டது குலுக்கிய டின், இங்கே அச்சில் இருப்பது குலுக்காத டின். கப்பலும் லாரியும் அதைக் குலுக்கி முடித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுத்திருக்கின்றன. மிச்சத்தை நீங்கள் தொட்டியில் அமுக்கிவிட்டீர்கள்.

அதற்காக எல்லாப் பையும் யோக்கியம் என்று சொல்லவில்லை. பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 87 பரிந்துரையில், 15 முதல் 50 லிட்டர் வரையிலான பொட்டலத்துக்குத் தாங்கக்கூடிய குறை 1 சதவீதம். 40 லிட்டரில் 400 மில்லி. மொத்தச் சரக்கின் சராசரியும் அச்சிட்டதற்குக் கீழே போகக் கூடாது. ஒரே ஒரு பையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்றாலும், 25இல் ஆறு லிட்டர் என்பது எனக்கும் உறுத்துகிறது. கம்போஸ்ட் பைக்குள்ளேயும் மக்கிக்கொண்டே இருக்கும், அதிலும் அளவு சுருங்கும். ஆனால் அது எல்லாவற்றுக்கும் சாக்கு ஆகாது.

பிரிக்காத பையை இப்படி அளந்து பாருங்கள். குளியலறைத் தராசில் பையோடு ஏறி எடை, பை இல்லாமல் எடை. பிறகு மண்ணை உதிர்த்து, ஒரே ஒரு வாளியைத் தட்டாமல் நிரப்பி, தலைதட்டி எடை போடுங்கள். பை முழுவதையும் வாளி வாளியாக அளக்க வேண்டியதில்லை.

தேங்காய் நார் கட்சி:

எதற்கு இந்த வம்பு? 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று வாங்கித் தண்ணீரில் போடுங்கள், ஏறக்குறைய 70 லிட்டர் ஊதும். மின்தூக்கியில் ஒரு கையில் கொண்டுபோகலாம். உப்புப் போக இரண்டு தடவை அலசிவிட்டு, உரத்தை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன் கறிவேப்பிலை:

கோகோபீட் தம்பி, எனக்கும் ஆசைதான். ஆனால் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் எதை வைத்து அலசுவது? கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார்.

லாரிக்காரத் தம்பி, ஆமாம், அமுக்கினேன். இரண்டு கையாலும். செடி சாயக் கூடாதே என்று. ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டேன். நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டுமே, அதனால் சுவரோரமாகப் பழைய மேசைத் துணியை விரித்து இரண்டாவது பீட் பையைக் கொட்டினேன். உண்மையில் செங்கல்தான். கட்டிகளைக் கையால் உடைத்து, காய்கறி வாங்கும் பிளாஸ்டிக் கூடை வழியாக வாளிக்குள் உதிர்த்தேன். மக்சிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கேக் செய்கிறாயா என்று கேட்டார்.

கணக்கு இதோ. நான் பையோடு 74.6 கிலோ, பை இல்லாமல் 61. வெறும் பையின் எடையைச் சமையல் தராசில் பார்த்தேன், 100 கிராம். ஆக மண் 13.5 கிலோ. தலைதட்டிய 10 லிட்டர் வாளியில் மண் 3.4 கிலோ. 13.5ஐ 0.34ஆல் வகுத்தால் 39.7 லிட்டர். பின்பக்கம் ஈஎன் 12580 இருக்கிறது, கண்ணாடி போட்டுத்தான் தெரிந்தது. இந்தப் பைமேல் எனக்குக் கோபம் இல்லை.

அடுத்து கம்போஸ்ட். முதல் பை செடிக்குப் போய்விட்டதால், அதே நர்சரியில் இன்னொன்று வாங்கி வந்தேன். இதையும் உதிர்த்து, இதே கூடை, இதே வாளி. மண் 12 கிலோ, வாளிக்கு 5.6 கிலோ. 21.4 லிட்டர்தான் வருகிறது. அளந்த விதத்தில் என் தப்பு இரண்டு லிட்டருக்கு மேல் என்பது சரி, ஆனால் மீதி மூன்றரை லிட்டர் எங்கே? இந்தப் பையில் எந்தத் தரநிலை எண்ணும் இல்லை, 25 மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறது.

கடைக்காரரிடம் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஆன்ட்டி, மண்ணை யார் அளப்பாங்க?" என்றார். நான் அளப்பேன் என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு வெள்ளி திருப்பிக் கொடுத்தார், கட்டுகிற ஆளிடம் கேட்பதாகவும் சொன்னார். கேட்பாரா என்பது வேறு.

உருளைத் தம்பி, ஒரு சந்தேகம். அந்தக் கம்போஸ்ட் பை கொஞ்சம் ஈரமாக இருந்தது. முந்தின நாள் மழை. ஈர எடையால் என் கணக்கு கெட்டுப்போயிருக்குமோ?

உருளையும் கோலும்:

பெரிதாகக் கெடாது அக்கா. பையிலும் அதே ஈரம், வாளியிலும் அதே ஈரம், வகுக்கும்போது அடிபட்டுவிடும். இரண்டு எடையையும் அடுத்தடுத்துப் போட்டீர்கள் அல்லவா? ஒன்றை இன்று, மற்றதை நாளை என்று விட்டால்தான் தப்பு. ஒரே ஒரு குறை, ஈர மண் சரியாக உதிராது, கொத்துக் கொத்தாக விழும். கூடையில் இன்னொரு முறை தேய்த்து உதிர்த்தால் அரை லிட்டர், ஒரு லிட்டர் ஏறலாம். 25க்கு வராது.

ஈசூன் கறிவேப்பிலை:

தேய்த்தேன். 22 வந்தது. தராசில் ஒட்டிய மண்ணைத் துடைக்கச் சொல்லி வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார், அப்புறம் வருகிறேன்.