சிறப்புச் சொற்பொழிவுகளில் எதற்குப் போவது, எதை விடுவது?

நாகைத்துறை:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இவ்வாண்டு சேர்ந்திருக்கிறேன். சோழர் காலத்து வணிகக் குழுக்களும் நாகப்பட்டினத்திற்கும் சுமத்திராவிற்கும் இடையே இருந்த கடல்வழித் தொடர்பும் என் ஆய்வுப் பொருள். பொங்கல் விடுமுறை முடிந்து பருவம் தொடங்கியதிலிருந்து துறையின் வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழ்கள் வந்து குவிகின்றன. அறக்கட்டளைச் சொற்பொழிவு, நினைவுச் சொற்பொழிவு, வருகைதரு பேராசிரியரின் சிறப்புரை, கருத்தரங்கத் தொடக்கவுரை என்று பலவாறு பெயரிட்டிருந்தாலும் எல்லா அழைப்பிதழ்களும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: மேலே முத்திரை, நடுவில் சிறப்பு விருந்தினரின் படம், கீழே வரவேற்புரை முதல் நன்றியுரை வரை பெயர்கள். என்ன பேசப் போகிறார் என்பதற்கு ஒரு வரித் தலைப்பைத் தவிர வேறு விவரம் இல்லை.

மூத்த ஆய்வாளர்களைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள் என்கிறார்கள். அப்படிப் போனால் ஆவணக் காப்பகத்திற்கும் நூலகத்திற்கும் செல்ல நாள் மிஞ்சாது. எவற்றைத் தேர்ந்தெடுப்பது? மற்ற நிறுவனங்களில் நடக்கும் உரைகளுக்கு வெளியாட்கள் போகலாமா? அழைப்பிதழ் ஏன் எப்போதும் முந்தைய நாள் மாலையில்தான் வருகிறது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி (ஓய்வு பெற்ற ஆசிரியர், வரலாறு):

வணக்கம் தம்பி. அழைப்பிதழின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு வகையும் எப்படித் தோன்றியது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒருவர் தம் பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ பல்கலைக்கழகத்திடம் ஒரு தொகையை ஒப்படைத்து, அதன் வட்டியைக் கொண்டு குறிப்பிட்ட பொருளில் அறிஞர் ஒருவரைப் பேச வைக்க வேண்டும் என்று ஆவணம் எழுதிக் கொடுப்பதால் நடப்பது. முதலைத் தொடக்கூடாது, வட்டிதான் செலவுக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்த வழக்கம் மிகப் பழையது. இந்திய அரசின் நிதி உறுப்பினராகவும் பின்னர் லண்டனில் இந்தியாவின் முதல் ஹை கமிஷனராகவும் இருந்த சர் வில்லியம் மேயரின் பெயரில் அங்கே ஒரு சொற்பொழிவு வரிசை இருந்தது. சோழர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரியார் 1946-47இல் அந்த வரிசையில்தான், சுமத்திராவை மையமாகக் கொண்ட பேரரசான ஸ்ரீவிஜயத்தின் வரலாற்றைப் பேசினார்; 1949இல் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. உங்கள் ஆய்வுப் பொருளுக்கு இன்றும் தவிர்க்க முடியாத அந்த நூல் ஒரு மேடையில் பேசப்பட்டதுதான் என்பதை நினைவில் வையுங்கள். வி.ஆர். இராமச்சந்திர தீட்சிதர் 1940இல் சங்கர பார்வதி சொற்பொழிவுகளாகத் தமிழர்களின் தோற்றமும் பரவலும் பற்றிப் பேசியது நூலாக வர 1947 வரை ஆயிற்று. திருக்குறளுக்கென்றே சொர்ணம்மாள் அறக்கட்டளை இருந்தது. ஒருவர் ஒரே பொருளைப் பல நாள் தொடர்ந்து பேசுவதும், கேட்டவர்கள் மறுநாள் ஐயங்களோடு வந்து உட்காருவதும், அந்த உரையே பின்னர் திருத்தம் பெற்று அச்சேறுவதும்தான் அக்காலத்து முறை.

இன்று நிலைமை வேறு. பல பத்தாண்டுகளுக்கு முன் பத்தாயிரம் ரூபாயை வைப்பில் போட்டு ஏற்படுத்திய அறக்கட்டளைக்கு ஏழு விழுக்காடு வட்டி என்றாலும் ஆண்டுக்கு எழுநூறு ரூபாய்தான் கிடைக்கும். மதுரையிலிருந்து வருபவரின் பயணச் செலவுக்கே அது போதாது. எனவே இரண்டு மூன்று அறக்கட்டளைகளை ஒரே காலையில் சேர்த்து நடத்தி முடித்துவிடுகிறார்கள். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் போக அறிஞருக்கு அரைமணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிது. அந்த அரைமணி நேரமும் வீணாவதில்லை; யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது.

என் அளவுகோல் ஒன்றுதான். பேச வருபவர் தாமே கள ஆய்வு செய்த பொருளை, தாமே படித்த கல்வெட்டை, தாமே பதிப்பித்த சுவடியைப் பற்றிப் பேசுகிறார் என்றால் உங்கள் ஆய்வோடு தொடர்பில்லாவிட்டாலும் போங்கள். ‘ஒரு பார்வை’ என்றோ ‘அன்றும் இன்றும்’ என்றோ முடியும் தலைப்புகளை நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆனால் அந்த நேரத்தில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி ஒன்றில் நான்கு கல்வெட்டுகளையாவது நீங்கள் பாடபேதத்தோடு படித்துவிடலாம்.

தரமணிவாசி (இயற்பியல்):

ஐயா சொன்னது கலைத்துறை மரபு. அறிவியல் நிறுவனங்களில் பழக்கம் சற்று வேறு என்பதால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: போகலாம், தாராளமாகப் போகலாம்.

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் உரைப் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கும். பேசுபவர் பெயர், அரங்கு, நேரம் ஆகியவற்றோடு உரையின் சுருக்கமும் பெரும்பாலும் இருக்கும். சுருக்கத்தின் முதல் சில வரிகள் புரிந்தால் போகலாம். முதல் வரியிலேயே கலைச்சொற்கள் நெருக்கினால் அது அத்துறைக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் கருத்தரங்கு என்று பொருள். எல்லாத் துறையினருக்குமான பொது உரை வேறு; அதில் பேசுபவர் முதல் இருபது நிமிடங்களாவது வெளித்துறை ஆளுக்கு விளங்கும்படி பேச வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். எல்லாரும் அதைக் காப்பாற்றுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிறுவனமே விருந்தினர் உரைகளிலிருந்து பிறந்ததுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியராக இருந்த அல்லாடி இராமகிருஷ்ணன், பிரின்ஸ்டனில் ஓராண்டு தங்கித் திரும்பிய பின், மயிலாப்பூரில் தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாசத்தில் மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை நடத்தினார். சென்னை வழியாகச் செல்லும் வெளிநாட்டு அறிவியலாளர்களை அங்கே அழைத்துப் பேச வைத்தார். 1960இல் இயற்பியல் மேதை நீல்ஸ் போர் வந்தபோது அந்தச் சிறு மாணவர் குழுவைக் கண்டு வியந்து அதைப் பத்திரிகையாளர்களிடமும் சொன்னார். அன்றைய கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3ஆம் நாள், வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் முன்னிலையில் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அங்குள்ள முக்கியமான உரை அரங்கிற்கு அல்லாடி இராமகிருஷ்ணன் பெயர்தான்.

வரலாற்று மாணவருக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். சிந்து எழுத்துகள் மொழிக்குரிய ஒழுங்கைக் காட்டுகின்றனவா என்பதைக் கணக்கீட்டு முறையில் ஆராய்ந்த கட்டுரை 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதன் ஆசிரியர்களில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனும் இருந்தார், இந்த நிறுவனத்தின் இயற்பியலாளர் ஒருவரும் இருந்தார். மகாதேவன் நிறுவிய சிந்துவெளி ஆய்வு மையம் இயங்குவது அதே தரமணியில், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. மூன்று இடங்களின் அறிவிப்புகளையும் வாரத்தில் ஒருநாள் பார்த்துவிட்டால் பயணத்தைச் சேர்த்துத் திட்டமிடலாம். அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளாதார வரலாற்றுக்கு அங்கே நல்ல உரைகள் அமையும்.

முத்திரைத்தாள் (கல்லூரி ஆசிரியர், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு):

அழைப்பிதழ் ஏன் முந்தைய நாள் வருகிறது என்ற கேள்விக்கு, அந்த அழைப்பிதழ்களைத் தயாரிக்கும் இடத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நிதி ஒப்புதலுக்கான கோப்பு துறைத்தலைவர், பதிவாளர், நிதி அலுவலர் என்று மேசை மேசையாகப் போய்த் திரும்ப வேண்டும். ஒப்புதல் வராமல் அழைப்பிதழ் அச்சிட்டால், பேச்சாளருக்கான மதிப்பூதியமும் பயணப்படியும் யார் கையிலிருந்து போகும் என்ற சிக்கல் எழும். ஒப்புதல் வந்த பிறகு, தலைமை தாங்குபவரின் நேரம் கிடைக்க வேண்டும். அவர் தேதியை மாற்றினால் அழைப்பிதழையும் மாற்ற வேண்டும். அழைப்பிதழில் பெயர்களின் வரிசை பற்றி நடக்கும் பேச்சுவார்த்தையைப் பற்றித் தனியாகவே ஒரு இழை தொடங்கலாம். எல்லாம் முடிந்து படத்தை வாட்ஸ்அப்பில் ஏற்றும்போது மாலை ஆறு மணி ஆகியிருக்கும்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நிகழ்ச்சிகள் குவிவதற்கும் காரணம் இதுதான். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது; ஒதுக்கிய பணத்தைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஆகவே வருங்காலத்தில் நீங்கள் ஆவணக் காப்பக வேலையை ஜூலை முதல் டிசம்பருக்குள் வைத்துக்கொண்டால், பின்பனிக் காலத்தில் உரைகளுக்கு நாள் ஒதுக்க முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. பேச்சாளரை முடிவு செய்யும் கட்டத்திலேயே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரியும். பருவத் தொடக்கத்தில் அவரிடம் நேரில் போய், யார் யாரை அழைக்க எண்ணியிருக்கிறீர்கள் ஐயா என்று கேளுங்கள். என்னிடம் கேட்கும் மாணவரிடம் நான் மறைப்பதில்லை, கேட்பவர்கள்தான் குறைவு. மண்டபத்தை நிரப்ப இளங்கலை மாணவர்களை வகுப்போடு கொண்டுவந்து உட்கார வைக்கும் எங்களுக்கு, பொருளறிந்து வரும் ஒரே ஒரு ஆய்வாளர் கிடைத்தாலும் பேச்சாளர் முன் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

நாகைத்துறை:

மூவருக்கும் மிக்க நன்றி. முத்திரைத்தாள் ஐயா சொன்னபடியே இன்று துறையில் விசாரித்தேன். அடுத்த மாதம் தென்கிழக்காசியக் கடல் வணிகம் பற்றி ஒருவர் பேச வருகிறார் என்றும், இராசேந்திரனின் கடார வெற்றியும் அதில் இடம்பெறும் என்றும் தெரிந்தது. நேரம் இருப்பதால் முன்கூட்டியே படித்துவிட்டுப் போக விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? கேள்வி நேரத்தில் எழுந்து பேசவும் தயக்கமாக இருக்கிறது.

ஏட்டுச்சுவடி:

நூல்களுக்குப் போகும் முன் மூலங்களைப் படித்துவிடுங்கள், மூன்று போதும். முதலாவது, லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேடு. இராசராசனின் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுத்த சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் அளிக்கப்பட்டதை அது சொல்கிறது. ‘எபிகிராபியா இண்டிகா’ என்ற கல்வெட்டு வெளியீட்டின் 22ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கி வென்ற ஊர்களை அடுக்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்திப் பகுதி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளைப் புகழும் பகுதி. மூன்றாவது, சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை அதில் விதிக்கிறது.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள், கேள்வி தானே எழும். தந்தை காலத்தில் விகாரத்திற்குக் கொடை. மகன் காலத்தில், 1025 அளவில், அதே நாட்டின் மீது படையெடுப்பு. அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அதே தீவில் தமிழ் வணிகர் தம் விருப்பப்படி கட்டணம் விதிக்கிறார்கள், அதிலும் சோழ மன்னன் பெயரைச் சொல்லாமல். படையெடுப்பின் நோக்கம் வணிகப் பாதையா, கொள்ளையா, வேறு அரசியலா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை. பேச வருபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கவனித்து, பாரூஸ் கல்வெட்டில் மன்னன் பெயர் இல்லாததை அவர் எப்படி விளக்குகிறார் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு வாக்கியத்திற்கு மேல் வேண்டாம். நம் அரங்குகளில் கேள்வி என்று ஒலிவாங்கியை வாங்கித் தம் கட்டுரை முழுவதையும் ஒப்பிக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு முன்பாகவே கையைத் தூக்கிவிடுங்கள்.

செங்கை ரயில்:

நான் செங்கல்பட்டிலிருந்து வந்து போகும் ஆய்வாளர் என்பதால் சில நடைமுறைச் செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். வெளி நிறுவனங்களுக்குப் போகும்போது ஆய்வாளர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வாயில் காவலரிடம் உரையின் தலைப்பையும் அரங்கின் பெயரையும் சொன்னால் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே விடுவார்கள். தரமணிவாசி சொன்ன நிறுவனங்களில் நான்கு மணி என்றால் நான்கு மணிதான். தாமதமாகப் போனால் பின்வரிசைதான் கிடைக்கும். பல்கலைக்கழக விழா அரங்குகளில் பத்து மணி என்று அச்சிட்டிருந்தால் சிறப்புரை பெரும்பாலும் பதினொன்றுக்குத்தான் தொடங்கும். ஆனால் அதை நம்பி நீங்கள் பதினொன்றுக்குப் போகும் நாளில் பேச்சாளருக்கு விமானத்திற்கு நேரமாகிறது என்று அவரை முதலிலேயே பேச வைத்துவிடுவார்கள்.

யூடியூபில் நேரலை வருகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். பல அரங்குகளில் பதிவு செய்யும்போது ஒலி சரியாக வருவதில்லை. திரையில் காட்டும் கல்வெட்டுப் படங்கள் பதிவில் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரிகின்றன. உரை முடிந்ததும் தேநீர் நேரத்தில் பேச்சாளரிடம் போய், அந்தப் படங்களை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா அம்மா என்றோ ஐயா என்றோ கேளுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் அன்றிரவே அனுப்பி வைத்தார்கள். சிலர் அச்சுக்குப் போகாத கட்டுரையையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

நாகைத்துறை:

ஆனைமங்கலச் செப்பேட்டின் பதிப்பு எங்கள் நூலகத்திலேயே இருக்கிறது, இன்று எடுத்துவிட்டேன். பாரூஸ் கல்வெட்டின் வாசகம் கிடைத்ததும், கேட்க நினைக்கும் கேள்வியை இதே இழையில் எழுதுகிறேன். இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் வெட்டிக் கொடுங்கள், ஐயா.