மாலத்தீவு பயணத் திட்டம்: உங்களுக்கு எந்த இடத்துல இடிச்சது?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து பெங்களூரு வழியா மாலத்தீவு போறவங்களுக்கு நம்ம ஊர்க்காரங்க சொன்ன பதில்கள். மேல இருக்கிறது எழுதினவங்க ஊர்.

காவேரிப்பட்டணம்

இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிறது அந்தக் கால்குலேட்டர்தான். மாஃபுஷி தீவு, விடுதி ரூம் ராத்திரிக்கு 60 டாலர், மூணு ராத்திரி. 180 டாலர் கவர்ல தனியா ரெடி. கிளம்புற அன்னைக்குக் கவுன்டர்ல இருந்த பையன் கால்குலேட்டரை நம்ம பக்கம் திருப்பி வைக்கிறான்: 267.66.

ஏமாத்து வேலை இல்லைங்க, கணக்கு சரிதான். 60-க்கு சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், ஆக 66. அந்த 66 மேல சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் (2025 ஜூலைக்கு முன்னாடி 16), ஆக 77.22. அப்புறம் கிரீன் டாக்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர். ரெண்டு பேருக்கு 12. மொத்தம் 89.22. அதை மூணால பெருக்கிப் பாருங்க. விலைக்குப் பக்கத்துல ரெண்டு மூணு கூட்டல் குறி பொடிசா போட்டிருந்தா இதுதான் அர்த்தம். ஊர்க்காரங்க குடியிருக்கிற தீவுல 50 ரூம் வரைக்கும் உள்ள விடுதிக்குத்தான் 6 டாலர், ரிசார்ட்னா 12. ரெண்டு வயசு நிரம்பாத குழந்தைக்குக் கிடையாது. புக் பண்றதுக்கு முன்னாடியே "வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, படகு இதுல சேருமா"ன்னு எழுத்துல பதில் வாங்கிடுங்க.

ஓசூர்

வரி தெரிஞ்சா கட்டிட்டுப் போயிடலாம் சார். படகு போச்சுன்னா என்ன பண்றது? நம்ம பக்கம் கம்பெனி வேலைக்காரங்க எல்லாம் வெள்ளிக்கிழமை லீவு போட்டு சனி, ஞாயிறோட சேர்த்து டிக்கெட் எடுக்கிறோம். அங்க வாராந்திர விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். வெள்ளிக்கிழமை அரசாங்க ஃபெரி ஓடாது; ஸ்பீட்போட்டும் கம்மி, தொழுகை நேரத்துல சுத்தமா நின்னுடும். ஏர்போர்ட் வெளியே வந்தா எதிர்லயே கடல், கரையில வரிசையா படகு கட்டிக் கிடக்கு, கவுன்டர் நாற்காலியில ஆள் இல்லை. அந்தக் காட்சியைப் பார்க்காம இருக்கணும்னா சனி அல்லது ஞாயிறு இறங்குங்க. தலைநகர் மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு ஃபெரி ஒன்றரை மணி நேரம், ஸ்பீட்போட் அரை மணி முதல் முக்கால் மணி.

தூரத்து ரிசார்ட்டுக்கு ஸீப்ளேன்னா (தண்ணியில இறங்குற குட்டி விமானம்) இன்னும் கவனம். அது பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும். மாலேயில மதியம் மூன்றரைக்கு மேல இறங்கினா அன்னைக்கு ஏர்போர்ட் பக்கத்துல இருக்கிற ஹுல்ஹுமாலேயில ஒரு ராத்திரி தங்க வேண்டி வரும், அந்தச் செலவு நம்ம தலையில. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. கூடினா கிலோவுக்குப் பணம். அங்க நேரம் நம்மளைவிட அரை மணி பின்னாடி. சில ரிசார்ட்ல மாலேயைவிட ஒரு மணி முன்னாடி வச்சுத் தனி நேரம் ஓட்டுறாங்க. அதனால திரும்புற படகு நேரத்தைக் கேக்கும்போது "மாலே நேரமா, தீவு நேரமா"ன்னு கேளுங்க.

தருமபுரி

இறங்கினதும் கஸ்டம்ஸ் ஸ்கேனர். எல்லாப் பையும் அதுல போகணும். ஒரு பாட்டியோட பையை ஓரம் எடுத்து வச்சாங்க. மஞ்சத் துணி முடிச்சு, உள்ள கட்டைவிரல் அளவு பித்தளைப் பிள்ளையார், திருநீறு மேசையில கொட்டுது. அதிகாரி கோபப்படல, மரியாதையாத்தான் எடுத்து வச்சு, ரசீது எழுதிக் குடுத்தார், திரும்பும்போது வாங்கிக்கலாம்னு. பாட்டி கையில வெறும் துணி. அந்த முகத்தை மறக்க முடியாது.

வழிபாட்டுச் சிலை கொண்டு வரக் கூடாதுங்கிறது அந்த நாட்டுச் சட்டம். மது, பன்றி இறைச்சியும் அப்படித்தான். பெங்களூரு டியூட்டி ஃப்ரீ பாட்டிலையும் ரசீது போட்டு எடுத்து வச்சுக்குவாங்க. வேப் கருவிக்கு (மின்சிகரெட்) 2024 நவம்பர் 15-லிருந்து தடை. 2007 ஜனவரி 1-லும் அதுக்கு அப்புறமும் பிறந்தவங்களுக்கு எந்தப் புகையிலையும் கூடாது. 2025 நவம்பர் 1 முதல் சுற்றுலாக்காரங்களுக்கும் சேர்த்து. காலேஜ் பசங்க குரூப்பா போறவங்க இதைப் படிங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட கிளம்புற முந்தின நாளே உக்காந்து பேசி, பையை அவங்க முன்னாடியே ஒருமுறை பிரிச்சுப் பாருங்க.

ஊத்தங்கரை

பெயர். நம்மள மாதிரி இனிஷியல்காரங்களுக்கு மட்டும் வர்ற சிக்கல். ஆதார்ல "மு. செல்வி", பாஸ்போர்ட்ல கிவன் நேம் "செல்வி", சர்நேம் "முனுசாமி". ஏஜென்ட் ஆதாரைப் பார்த்து "எம் செல்வி"ன்னு டிக்கெட் போட்டுட்டார். செக்-இன் கவுன்டர்ல அந்தம்மா பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்க்குறப்ப வயித்தைப் பிசையும். பாஸ்போர்ட் போட்டோ பக்கத்தோட அடியில அம்புக்குறியா ரெண்டு வரி இருக்கும் பாருங்க, டிக்கெட் அதோட பொருந்தணும். சர்நேம் கட்டமே காலியா இருந்தா ஏர்லைனுக்கு ஏர்லைன் முறை மாறும். பெயரையே ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்றவங்க உண்டு. முதல்ல அவங்ககிட்ட கேட்டுட்டு அப்புறம் பணம் கட்டுங்க. திருத்தறதா இருந்தா வெப் செக்-இன் பண்றதுக்கு முன்னாடி.

காரிமங்கலம்

மேல யாரும் ரோட்டைப் பத்திப் பேசல. கேக்கலைன்னாலும் சொல்றேன், ஏன்னா பயணம் கெட்டுப்போறது அங்கதான். அத்திப்பள்ளி டோலுக்கு முன்னாடி காலையில ஆறரை மணிக்கு லாரிக்குப் பின்னாடி லாரி, பின்சீட்டுல குழந்தைங்க, டிரைவர் இன்ஜினை அணைச்சுட்டார். அவ்வளவுதான் அனுபவம்.

தருமபுரியிலிருந்து தேவனஹள்ளி ஏர்போர்ட் சுமார் 170 கி.மீ., கிருஷ்ணகிரியிலிருந்து 125. மேப் மூன்றரை மணி காட்டும், நம்பாதீங்க. பெங்களூருக்குள்ள சில்க் போர்டுலயும் ஹெப்பாளத்துலயும் நின்னா நின்னதுதான். காலை ஏழுக்கு மேல சில்க் போர்டைத் தொடுற மாதிரி இருந்தா ஊருக்குள்ளயே போகாதீங்க. அத்திப்பள்ளியில வலது பக்கம் திரும்பி சர்ஜாபூர், ஹொஸ்கோட்டே, பூதிகெரே வழியா ஏர்போர்ட். கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். பஸ்ல போறவங்க எலெக்ட்ரானிக் சிட்டியில இறங்கி வாயு வஜ்ரா ஏர்போர்ட் பஸ் பிடிக்கலாம். வெளிநாட்டு விமானம் இரண்டாம் டெர்மினல். முதல் டெர்மினல்ல இறக்கிவிட்டுட்டு வண்டி போயிடும், பார்த்து இறங்குங்க. பறக்கிற நேரம் ரெண்டு மணி நேரம் போலத்தான், ஆனா கிளம்புறதுக்கு மூணு மணி நேரம் முன்னாடி உள்ள இருக்கணும். தேங்காய் கொப்பரை பெட்டியில வேண்டாம், தீப்பிடிக்கிற பொருள்னு எடுத்துடுவாங்க. பவர் பேங்க் கைப்பையில மட்டும். மூணு சதுரக் கம்பி பிளக்குக்கு ஒரு அடாப்டர் இங்கேயே வாங்கிக்கோங்க. டாலர் நோட்டு கிழிசலோ எழுத்தோ இல்லாம இருக்கணும், ஒன்னு, அஞ்சு, பத்தா கொஞ்சம் கேட்டு வாங்குங்க. ரொக்க டாலர் ஒரு பயணத்துக்கு 3,000 வரைதான். ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ் எடுத்தா டிசிஎஸ்னு முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பாங்க. அது போன பணம் இல்லை, வருமானவரித் தளத்துல நம்ம பேர்ல ஏறியிருக்கான்னு பார்த்து ரிட்டர்ன்ல கழிச்சுக்கணும்.

அரூர்

சைவக்காரங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: மாலத்தீவு பாஷையில "மஸ்"னா மீன். நம்ம ஊர்ல மாசிக் கருவாடுன்னு விக்கிறதுகூட அந்த வகைச் சரக்குதான். காலையில தேங்காய்த்துருவல் மாதிரி வெள்ளையா ஒரு கிண்ணம் வைப்பாங்க, மஸ் ஹுனி, அதுல சூரை மீன் கலந்திருக்கு. சமோசா மாதிரி இருக்கிற பஜியாவுக்குள்ளேயும் மீன்தான். மீன் இல்லாத சாப்பாடு வேணும்னு விடுதிக்கு முந்தின நாளே எழுதிப் போடுங்க.

பென்னாகரம்

காரிமங்கலம் அண்ணா, ரோடு தப்பினா மறுநாள் விமானம் உண்டு. கடல் அப்படி இல்லைங்க. ஒகேனக்கல்ல குதிச்சு விளையாடின பழக்கத்துல சிலர் லைஃப் ஜாக்கெட் வேண்டாங்கிறாங்க. தீவைச் சுத்தி பவளப்பாறை மேல தண்ணி இடுப்பளவு, இளம்பச்சை. ஒரு இடத்துல அந்தப் பச்சை கத்தியால வெட்டின மாதிரி முடிஞ்சு கருநீலம் ஆரம்பிக்கும். அந்தக் கோட்டுக்கு வெளிய தரை கிடையாது. ஜாக்கெட் இல்லாத ஒருத்தர் அதைத் தாண்டினார். கையை வீசி வீசி நீந்தறார், ஆனா கரை அவரைவிட்டு நகர்ந்துக்கிட்டே போகுது. படகுக்காரர் கயிறு வீசித்தான் இழுத்தார்.

காரணம் இதுதான்: கடல் வத்தும்போது தீவுகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி வழியா, அதைக் "கந்து"ன்னு சொல்றாங்க, உள்ள இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய ஓடும். எதிர்த்து நீந்தினா கை ஓயும், அவ்வளவுதான். குறுக்கே, பாறை பக்கமா நகரணும். அன்னைக்குக் கடல் ஏறும் நேரம், வத்தும் நேரம் விடுதியில கேட்டுட்டு இறங்குங்க, ரெண்டு பேராவது சேர்ந்து. முதுகு வெந்துடும், முழுக்கை டி-ஷர்ட் போடுங்க. உடைஞ்ச பவளத்தை ஞாபகத்துக்குன்னு பையில போடாதீங்க, அங்கேயும் குத்தம், இங்கேயும் குத்தம்.

காவேரிப்பட்டணம்

ஓசூர் சார், வெள்ளிக்கிழமை விஷயம் சரி. மாசத்தையும் சேர்த்துப் பாருங்க. மழை குறைவான ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாரும் கிளம்புறாங்க. 2027-ல ரம்ஜான் நோன்பு பிப்ரவரியிலேயே ஆரம்பிக்குது. ஊர்த் தீவுல பகல்ல சாப்பாட்டுக் கடை பெரும்பாலும் மூடியிருக்கும், விடுதியிலேயே சாப்பாடு சேர்த்து எடுங்க.

விசா இலவசம், இறங்கினதும் குடுப்பாங்க. இமுகாங்கிற ஆன்லைன் பயணி விவர ஃபார்ம் மட்டும் நாமளே நிரப்பணும், விமானத்துக்கு முந்தின 96 மணி நேரத்துக்குள்ள, போட்டோவோட. அதுவும் இலவசம். அரசாங்கத் தளம் "ஜிஓவி டாட் எம்வி"ன்னு முடியும். பணம் கேட்டா அது வேற ஆளு. திரும்பி வரும்போதும் அதே ஃபார்ம் இன்னொரு தடவை போடணும்.