பலகையில் கிழித்த கோடும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழர்கள் சிலருக்கு, வார இறுதிகளில் இந்நாட்டு அரசியலைத் தமிழில் விளக்கி வருகிறேன். சென்ற சனிக்கிழமை பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒருபக்கம் தாராளவாதி (பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியினர்) என்றும் மறுபக்கம் பழமைவாதி (பெரும்பாலும் குடியரசுக் கட்சியினர்) என்றும் எழுதினேன். கடவுள் நம்பிக்கை குறைந்தவர், வரியை உயர்த்தச் சொல்பவர், சுற்றுச்சூழலைக் காப்பவர் என்று ஒருபுறமும், தேவாலயம் செல்பவர், செல்வந்தர், துப்பாக்கி வைத்திருப்பவர், குடியேறிகளை வெறுப்பவர் என்று மறுபுறமும் வரிசையாக எழுதிக்கொண்டே போனேன்.

அப்போது வகுப்பில் இருந்த அம்மையார் ஒருவர் எழுந்து, "என் பக்கத்து வீட்டில் எழுபது வயதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி இருக்கிறார். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்கிறார். பேத்தி மணமுடிக்காமல் ஒருவருடன் சேர்ந்து வாழ்வதை இன்றுவரை அவர் ஏற்கவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்திருக்கிறார். அவரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?" என்று கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. பட்டியலைத் திருத்தினால் போதுமா, அல்லது இப்படிப் பட்டியல் போடுவதே பிழையா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 1

ஐயா, பட்டியலுக்குப் போகும் முன்பே, தலைப்பாக நீங்கள் எழுதிய இரண்டு சொற்களிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். தாராளம் என்றவுடன் தமிழர் மனத்தில் கொடைக்குணம் தோன்றுகிறது. பழமைவாதம் என்றவுடன் காலத்துக்கு ஒவ்வாத பிடிவாதம் தோன்றுகிறது. ஒரு விவரமும் கேட்பதற்கு முன்பே உங்கள் மாணவர் ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறார். போதாக்குறைக்கு, நம் செய்தித்தாள்கள் தாராளமயம் என்று எழுதுவது அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சந்தைக்கு வழிவிடுவதை. அமெரிக்காவில் அதைக் கொள்கையாக உரக்கப் பேசியவர்களில் பெரும்பாலோர் பழமைவாதிகளே.

ஆனால் அங்கும் கோடு நேராக இல்லை. விமானக் கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசே முடிவு செய்த முறைக்கு முடிவுகட்டிய 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர்; அதற்கு முன்பே செனட்டில் விசாரணைகள் நடத்தி வழி அமைத்தவர், தாராளவாதிகளின் முகமாக விளங்கிய எட்வர்ட் கென்னடி. அதே கார்ட்டர்தான் தம் சொந்த ஊரான பிளெய்ன்ஸில் தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் ஞாயிறுதோறும் விவிலியப் பாடம் நடத்தினார். மறுபுறம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சன் ஆட்சியில் தோன்றியது. அவ்வாண்டின் தூய காற்றுச் சட்டத்தைச் செனட் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் 73–0 என நிறைவேற்றியது.

மறுமொழி 2

மேலே எழுதிய அம்மையாரின் சொல்லாராய்ச்சியை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அவர் காட்டும் சான்றுகளை இன்றைய நிலைக்குப் பொருத்துவதை ஏற்க முடியவில்லை. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்துக்குச் செனட்டில் குடியரசுக் கட்சியினர் 33 பேரில் 27 பேரும், ஜனநாயகக் கட்சியினர் 67 பேரில் 46 பேரும் ஆதரவளித்தனர். தென்மாநிலங்களின் பழமைவாதிகள் அந்நாளில் ஜனநாயகக் கட்சிக்குள் இருந்ததும், வடகிழக்கின் தாராளவாதிகள் பலர் குடியரசுக் கட்சிக்குள் இருந்ததும் இதற்குக் காரணம். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் இவர்கள் சிறிது சிறிதாக இடம் மாறினார்கள். இன்று கொள்கையும் கட்சியும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. முறையான ஆவணமின்றி வாழ்ந்த ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்கும் உரிமை கிடைக்க வழிசெய்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகன் என்பது உண்மையே. ஆனால் அவர் கட்சியின் வேட்பாளர் ஒருவர் அத்தகைய சட்டத்தை இன்று முன்மொழிந்துவிட்டு உட்கட்சித் தேர்தலில் வெல்வது மிகக் கடினம். பழைய தலைவர்களை அடுக்கிக் காட்டினால், இன்றைய பிளவு வெறும் தோற்றம் என்று மாணவர்கள் நம்பிவிடக்கூடும். அது அவர்களுக்குச் செய்யும் தீங்கு.

மறுமொழி 3

முந்தைய நண்பரின் எச்சரிக்கை நியாயமானது. ஆகவே அண்மைக்காலத்திலிருந்தே சான்று தருகிறேன். தலைவர்களை விட்டுவிட்டு வாக்குச்சீட்டைப் பாருங்கள். பல மாநிலங்களில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே, மக்கள் நேரடியாக ஆம், இல்லை என்று முடிவு செய்யவேண்டிய சட்டக் கேள்விகளும் இருக்கும். அவற்றின் அருகே எந்தக் கட்சியின் பெயரும் இருக்காது.

2020 நவம்பரில் புளோரிடா வாக்காளரின் கையில் இருந்த சீட்டை நினைத்துப் பாருங்கள். மேற்பகுதியில் குடியரசுத் தலைவர் பதவிக்கான பெயர்கள். அங்கே மாநிலம் டொனால்ட் டிரம்பைத் தேர்ந்தெடுத்தது. அதே சீட்டில், ஒரு மணிநேரத்துக்கு 8.56 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக 15 டாலராக்கும் மாநில அரசமைப்புத் திருத்தம் இருந்தது. நிறைவேற 60 விழுக்காடு தேவை என்ற கடுமையான விதி இருந்தும் அது ஏறக்குறைய 61 விழுக்காடு பெற்றது. அதாவது, ஒரே எழுதுகோலால் டிரம்புக்கும் கூலி உயர்வுக்கும் குறியிட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். அதே நாளில் கலிபோர்னியா ஜோ பைடனுக்கு 63 விழுக்காட்டுக்கு மேல் அளித்தது. ஆனால் பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் இனத்தையும் பாலினத்தையும் கணக்கில் கொள்ள மீண்டும் இடமளிக்கும் முன்மொழிவை 57 விழுக்காட்டினர் நிராகரித்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, குடியரசுக் கட்சிக்குப் பெயர்பெற்ற கன்சாஸில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பிலிருந்து நீக்கும் முயற்சியை 59 விழுக்காட்டினர் தோற்கடித்தார்கள்.

உங்கள் பட்டியலில் உள்ள செல்வந்தர் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். டக்ளஸ் ஆலர், கௌரவ் சூத் என்ற ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோர் எவ்வளவு பேர் என்று கேட்டதற்கு மக்கள் சராசரியாக 38 விழுக்காடு என்றார்கள். உண்மையில் அது 2 விழுக்காடுதான். ஜனநாயகக் கட்சியினரில் தன்பாலீர்ப்பினர் உள்ளிட்ட பாலினச் சிறுபான்மையினர் 32 விழுக்காடு என்று கருதினார்கள். உண்மை 6 விழுக்காடு. நாம் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்துக் கோபப்படும்போது, பெரும்பாலும் அங்கே இல்லாத ஒருவர்மீதே கோபப்படுகிறோம் என்பது எனக்கு உண்மையான வேதனை தருகிறது.

மறுமொழி 4 (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்சிப் பெயர் ஒருவரின் வாக்கைச் சொல்கிறது, அவருடைய மனத்தைச் சொல்வதில்லை என்று புரிந்துகொண்டேன். கட்சிகளுக்கு இடையே உள்ள பிளவை மறைக்கமாட்டேன். இரண்டாம் மறுமொழி அதில் என்னைத் தடுத்தாட்கொண்டது. ஆனால் குடியேறிகளை வெறுப்பவர் என்று நான் எழுதியது விளக்கமே அல்ல, தீர்ப்பு; அதற்காக வகுப்பில் வருத்தம் தெரிவிப்பேன். வரும் சனிக்கிழமை பலகையில் கோடு போடுவதற்குப் பதிலாக, புளோரிடாவின் அந்தக் கூலிக் கேள்வியையும் கலிபோர்னியாவின் சேர்க்கைக் கேள்வியையும் தமிழில் எழுதி, கட்சியையும் மாநிலத்தையும் சொல்லாமல் ஒவ்வொருவரையும் ஆம், இல்லை என்று குறிக்கச் சொல்லப்போகிறேன். அந்த அம்மையாரிடம், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு விருப்பமிருந்தால் அவரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.