'வணிக நிதி' என்பதா, 'நிதிவரத்து' என்பதா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பழைய பொருளாதார அட்டவணைகளைத் தமிழில் விளக்கும்போது 'சோர்சஸ் அண்ட் யூசஸ் ஆஃப் பிசினஸ் ஃபண்ட்ஸ்' என்பதற்கு 'வணிக நிதிகளும் பயன்பாடும்' என்று எழுதலாம் என முந்தைய மடலில் ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். அதை ஏற்கத் தயக்கமாக உள்ளது. தமிழில் நிதி என்றதும் வைப்பு நிதி, நிவாரண நிதி போல ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும் தொகைதான் மனத்தில் எழுகிறது. அந்த அட்டவணையோ, ஓராண்டுக் காலத்தில் நிறுவனங்களின் கைக்குப் பணம் எந்தெந்த வழிகளில் வந்தது, எவற்றில் போடப்பட்டது என்பதைக் காட்டுவது. இருப்பைக் குறிக்கும் சொல்லால் ஓட்டத்தைக் குறித்தால், நிறுவனங்கள் அவ்வளவு பணத்தைக் கையிருப்பாக வைத்திருந்தன என்றே வாசகர் எண்ணிவிடுவார்.

எனவே 'நிதிவரத்து' என்ற சொல்லை முன்வைக்கிறேன். அணையின் நீர்வரத்து வேறு, நீர் இருப்பு வேறு என்பது நாளிதழ் படிப்பவர் எவருக்கும் விளக்காமலே புரியும். நிறுவனத்துக்குள்ளேயே கிடைக்கும் பகிரப்படாத இலாபத்தையும் தேய்மான ஒதுக்கீட்டையும் அகவரத்து என்றும், வங்கிக் கடன், கடன் பத்திரம், புதிய பங்கு வெளியீடு ஆகியவற்றைப் புறவரத்து என்றும் பிரித்துக்கொள்ளலாம். தேய்மானம் எப்படி வரத்தாகும் என்ற ஐயம் எழக்கூடும். இலாபத்தைக் கணக்கிடும்போது தேய்மானம் கழிக்கப்படுகிறதே தவிர, அதற்காக அந்த ஆண்டில் பணம் எதுவும் வெளியே போவதில்லை. விற்பனையில் கிடைத்த அத்தொகை நிறுவனத்தின் கையிலேயே நிற்பதால்தான் அட்டவணை அதைத் திரும்பக் கூட்டிக்கொள்கிறது. 'வரவு' என்று சொன்னால் போதாதா என்றால், கடனாக வாங்கிய தொகையையும் வருமானம் என்று மயங்க அது இடம் தந்துவிடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இவ்வகைக் கணக்கியலுக்கு அடித்தளமிட்ட அமெரிக்கப் பொருளியலாளர் மோரிஸ் கோப்லண்ட், 1952இல் வெளியான தம் ஆய்வில், பணத்தின் ஓட்டத்துக்கு நீரோட்டத்தைவிட மின்சுற்றே பொருத்தமான உவமை என்று கருதினார். அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1955இல் நிதியோட்டக் கணக்குகளை வெளியிடத் தொடங்கியது அவருடைய பணியின் தொடர்ச்சிதான். ஆயினும் வரத்து என்பது நீருக்கு மட்டும் உரிய சொல்லன்று. சந்தைக்குச் சரக்கு வரத்து என்கிறோம், போக்குவரத்து என்கிறோம். ஆகவே இந்த மறுப்பு சொல்லைத் தொடவில்லை, உவமையை மட்டுமே தொடுகிறது என்பது என் கருத்து.

அடுத்து 'நுகர்வோர் செலவு'. அமெரிக்கத் தேசியக் கணக்கின் இந்த இனத்தில், முதியோர் மருத்துவத்துக்கு அரசுக் காப்பீடு செலுத்தும் தொகையும், சொந்த வீட்டில் வாழ்பவர் தமக்குத் தாமே செலுத்துவதாகக் கொள்ளப்படும் மதிப்பீட்டு வாடகையும் அடங்கும். நுகர்வோர் தம் பையிலிருந்து கொடுக்காத பணமும் இதில் இருப்பதால் 'நுகர்வுச் செலவு' என்பதே சரி. இதனோடு குழம்பாமலிருக்க, இயந்திரம், கட்டடம் போன்றவை தேய்ந்து இழக்கும் மதிப்பைக் குறிக்கும் 'கேபிடல் கன்சம்ப்ஷன்' என்பதை 'மூலதன நுகர்வு' என்று நேர்படப் பெயர்க்காமல் 'மூலதனத் தேய்வு' என்றே எழுத வேண்டுகிறேன். ஒரே பக்கத்தில் இரண்டு நுகர்வுகள் வந்தால் படிப்பவர் தடுமாறுவது உறுதி.

பழைய எண்களுக்கு முன்னால் 'நடப்பு விலையில்' (அந்தந்த ஆண்டின் விலையில்) அல்லது 'நிலையான விலையில்' (விலை மாற்றத்தை நீக்கி, ஒரே ஆண்டின் விலையில்) என்ற அடைமொழி கட்டாயம் வேண்டும். 1929இல் சுமார் 7,700 கோடி டாலராக இருந்த அமெரிக்க நுகர்வுச் செலவு 1933இல் சுமார் 4,600 கோடியாகச் சரிந்தது நடப்பு விலைக் கணக்கு. விலைவாசியும் அப்போது கடுமையாக விழுந்திருந்ததால், நிலையான விலையில் அந்தச் சரிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அடைமொழி விடுபட்டால், மக்கள் வாங்கிய பொருள்களின் அளவே ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது என்ற தவறான வரலாறு தமிழில் நிலைத்துவிடும். காலாண்டு எண்களை நான்கால் பெருக்கித் தரும் வழக்கத்துக்கு 'ஆண்டுவீதம்' பொருந்தும். அவ்வாறு தரப்பட்ட நான்கு காலாண்டுகளைக் கூட்டாமல் சராசரி காண வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துவிடலாம்.

'யூசஸ்' என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் நிறைவான சொல் அமையவில்லை. இயந்திரம் வாங்குவது, சரக்கிருப்பைக் கூட்டுவது, ரொக்கமாக வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அதில் அடங்க வேண்டும். 'நிதிச் செலவு' என்றால் மூன்றாவது விடுபடுகிறது. 'நிதியீடு' முதலீட்டோடு மயங்குகிறது. இப்போதைக்கு 'நிதிப் பயன்பாடு' என்றே வைத்திருக்கிறேன். வரத்துக்கு இணையாக நிற்கக்கூடிய சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.