வீட்டிலிருந்து கம்பஸ் டேட்டாபேஸ்: லொகின் ஆகுது, கட்டுரை திறக்கமாட்டேங்குது

பொகவந்தலாவை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். தோட்டப் பாடசாலை ஒண்ணுல படிப்பிச்சுக்கிட்டே பகுதிநேரமா மாஸ்டர்ஸ் செய்றேன். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்த காலத்தைப் பத்தித்தான் தீசிஸ். கம்பஸ் லைப்ரரியில போய் உக்காந்து படிக்கிற அளவுக்கு லீவு கிடைக்காது. அதனால வீட்டுல இருந்தே ஆய்வுக் கட்டுரை டேட்டாபேஸ் பாவிக்க ஒரு லொகின் தந்திருக்காங்க.

பிரச்சினை இதுதான். லைப்ரரி பக்கத்துல யூசர் நேமும் பாஸ்வேர்டும் போட்டா உள்ள போகுது, மேல என் பேரும் வருது. ஆனா சுப்பவைசர் வட்ஸ்அப்பில அனுப்புற ஜேஸ்டோர் (சஞ்சிகைக் கட்டுரைகள் இருக்கிற தளம்) லிங்கை அமத்தினா முதல் பக்கத்தை மட்டும் காட்டிட்டு நின்னுடுது. டெய்லர் அண்ட் பிரான்சிஸ்ங்கிற வெளியீட்டாளரோட தளத்துலயும் அப்படித்தான், டொலர்ல விலை போட்டுக் காசு கேக்குது. அதை ரூபாயாக்கிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல.

போன் ஹொட்ஸ்பொட்டை ஜன்னல் விளிம்புல வச்சு லெப்டொப்பில பாக்கிறேன். சிக்னல் மோசந்தான், ஆனா மத்த பக்கமெல்லாம் திறக்குது. லைப்ரரிக்கு ஈமெயில் போட்டதுக்கு "பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கவும்"னு ஒரு வரி வந்துச்சு. மாத்தியாச்சு. ஒரு வித்தியாசமும் இல்ல. யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கா?

ஹட்டன் கொமினிகேஷன்:
டீச்சர், ஹிஸ்ட்ரி, குக்கி எல்லாத்தையும் அழிச்சிட்டு திரும்ப லொகின் பண்ணுங்க. அதுக்கும் சரிவரலன்னா ப்ளே ஸ்டோர்ல சும்மா கிடைக்கிற விபிஎன் (நம்ம இணைப்பை வேற இடத்து முகவரியில காட்டுற ஆப்) ஒண்ணு போடுங்க. 2022 ஏப்ரல்ல பேஸ்புக்கை பூட்டினப்ப எங்க கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் அதைத்தான் போட்டுக் குடுத்தேன், உடனே வேலை செஞ்சிச்சு.

பண்டாரவளை, முன்னாள் லைப்ரரி ஆள்:
தம்பி, அன்னைக்கு அது சரி. பூட்டினது நம்ம நாட்டுக்குள்ள, அதனால வெளிநாட்டு இன்டர்நெட் முகவரி ஒண்ணு போதும். டீச்சருக்கு வேண்டியது கம்பஸ் முகவரி. ப்ளே ஸ்டோர் விபிஎன் எந்த நாட்டு முகவரியைக் குடுத்தாலும் ஜேஸ்டோர் காசுதான் கேக்கும். அதோட, முகம் தெரியாத கம்பெனி ஊடா கம்பஸ் பாஸ்வேர்டை அனுப்புறதும் நல்லதில்ல. சில கம்பஸ் தன்னோட சொந்த விபிஎன்னைத் தரும். அது வேற கதை.

டீச்சர், பாஸ்வேர்டை மாத்துங்கிறது எல்லா ஒப்பிஸ்லயும் முதல்ல எடுத்துக் குடுக்கிற மாத்திரை. இந்த வருத்தம் அதுல குணமாகாது. உங்க லொகின் சரியாத்தான் இருக்கு.

வெளியீட்டாளர் உங்க பேரையோ பாஸ்வேர்டையோ பாக்கிறதில்ல. எந்த ஐபி முகவரியில (இணைப்போட இன்டர்நெட் நம்பர்) இருந்து கேக்குறாங்கன்னு மட்டுந்தான் பாப்பான். கம்பஸ் சந்தா கட்டினப்போ தன்னோட ஐபி முகவரிகளை எழுதிக் குடுத்திருக்கும். உங்க ஹொட்ஸ்பொட் முகவரி அதுல இல்ல. அதுக்குத்தான் நடுவுல ப்ரொக்சின்னு கம்பஸோட ஒரு சேர்வர். லயத்துக்கு வர்ற கடிதத்தை தோட்டத்து ஒப்பிஸ் வாங்கி நம்ம கையில தர்ற மாதிரி, கம்பஸ் தன் முகவரியில கட்டுரையை வாங்கி உங்களுக்கு அனுப்புது. அனேகமா நீங்க பாவிக்கிறது ஈசிப்ரொக்சியாத்தான் இருக்கும். அமெரிக்காவுல ஒரு லைப்ரரியன் 1999ல எழுதின புரோகிராம், 2008ல ஓசிஎல்சிங்கிற லைப்ரரிக் கூட்டமைப்பு வாங்கிடுச்சு. நம்ம தொழில்காரர் ஒருத்தர் எழுதினதுங்கிறதுல எனக்கு இன்னும் ஒரு பெருமை.

இப்ப விஷயம். சுப்பவைசர் அனுப்புற லிங்க் நேரா ஜேஸ்டோருக்குப் போகுது. நீங்க பக்கத்து டாப்ல லொகின் ஆகியிருந்தாலும் அந்த லிங்க் ப்ரொக்சி பக்கம் திரும்பியே பாக்காது. அட்ரஸ் பட்டையைப் பாருங்க. ஜேஸ்டோருக்குப் பின்னால உங்க கம்பஸ் பேரும் இருந்தா ப்ரொக்சி ஊடா போறீங்க. அனேகமா புள்ளி இருக்க வேண்டிய இடத்துல சின்னக் கோடும் இருக்கும். வெறும் ஜேஸ்டோர்னு இருந்தா வெளியாள்தான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. லைப்ரரி பக்கத்துல ஜேஸ்டோர்னு போட்டிருக்கிற இடத்துல ரைட் கிளிக் பண்ணி லிங்கை கொப்பி பண்ணுங்க. அதுல "யூஆர்எல்="னு முடியிற வரைக்கும் உள்ள துண்டை மட்டும் எடுத்து, வட்ஸ்அப்பில உங்களுக்கே ஒரு மெசேஜா போட்டு வச்சிருங்க. இனி யார் லிங்க் அனுப்பினாலும் அந்தத் துண்டை முன்னால ஒட்டித் திறங்க. ஒண்ணும் பாவிக்காம விட்டா ஈசிப்ரொக்சி வழமையா 2 மணித்தியாலத்துல வெளிய தள்ளிடும், அதுக்குப் பயப்பட வேணாம், திரும்ப லொகின் பண்ணா சரி. ஆனா ஒரே மூச்சில நூத்துக்கணக்கில பீடிஎப் இறக்காதீங்க, எக்கவுண்டையே நிறுத்திடுவாங்க.

நானுஓயா:
ஐயா, நானும் ஒரு கேள்வி கேக்கலாமா? என் போன்ல எல்லாம் சரி. அக்காவோட பழைய டெஸ்க்டொப்பில கம்பஸ் லொகின் பக்கமே வரமாட்டேங்குது, "இணைப்பு பாதுகாப்பானது அல்ல"ன்னு சிவப்பா வருது. கரண்ட் போய் வந்தா ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

பண்டாரவளை, முன்னாள் லைப்ரரி ஆள்:
மூலையில திகதியைப் பாருங்க தம்பி. ஏதோ பழைய வருஷத்தைக் காட்டும். பக்கத்தோட பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லன்னு கொம்பியூட்டர் நினைக்குது, அதான் சிவப்பு. மதர்போர்ட்ல காசு மாதிரி வட்டமா ஒரு பட்டரி இருக்கும், சிஆர் 2032. செத்துப் போயிருக்கும். கரண்டை நிறுத்திட்டு மாத்துங்க. அதுவரைக்கும் திகதியைக் கையால திருத்திக்கலாம்.

பொகவந்தலாவை டீச்சர்:
ஐயா, திறந்துடுச்சு! ஜேஸ்டோர் பக்கத்து உச்சியில எங்க கம்பஸ் பேரே வருது. ஆனா சிலதுக்கு அப்படியும் "வாங்கவும்"னு இருக்கு. இன்னொரு சஞ்சிகைக்கு ப்ரொக்சி பக்கமே நின்னு, இந்த ஹோஸ்டை நிர்வாகி சேர்க்கணும்னு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுது.

பண்டாரவளை, முன்னாள் லைப்ரரி ஆள்:
ரெண்டும் ரெண்டு காரணம். கம்பஸ் பேர் வந்தும் கட்டுரை திறக்கலன்னா அந்தத் தொகுப்புக்கு கம்பஸ் சந்தா கட்டல. அதோட ஜேஸ்டோர்ல பல சஞ்சிகைகளோட கடைசிச் சில வருஷத்து இதழ்கள் வராது. அதுக்கு நீங்க எதுவும் செய்ய ஏலாது. லைப்ரரியில வேற கம்பஸ்ல இருந்து எடுப்பிச்சுத் தரச் சொல்லுங்க, இல்லாட்டி கட்டுரை எழுதினவருக்கே ஈமெயில் போடுங்க. பல பேர் சந்தோஷமா அனுப்புவாங்க.

மற்றது முழுக்க லைப்ரரி வேலை. ப்ரொக்சியோட பட்டியல்ல அந்தத் தளம் இல்ல. அந்தப் பக்கத்துலயே சேர்க்க வேண்டிய வரி எழுதியிருக்கும். அதை அப்படியே கொப்பி பண்ணி, ஸ்கிரீன் ஷொட்டும் வச்சு அனுப்புங்க. "திறக்கலை"ன்னு மட்டும் எழுதினா திரும்பவும் அந்த மாத்திரைதான் வரும். பாஸ்வேர்டை மட்டும் எழுதிடாதீங்க, அதைக் கேக்க யாருக்கும் உரிமை இல்ல.

ப்ரொக்சி படுத்துட்ட நாளைக்கு ஒண்ணு சொல்றேன். ஜேஸ்டோர்ல சொந்தமா இலவச எக்கவுண்ட் திறந்தா 30 நாளைக்கு 100 கட்டுரை வரைக்கும் ஒன்லைன்ல வாசிக்கலாம், இறக்க ஏலாது. நம்ம நாட்டுச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஒன்லைன் இருக்கு, லொகினே வேணாம். உங்க தலைப்புக்கு 'நூலகம்'ங்கிற இலங்கைத் தமிழ் டிஜிட்டல் நூலகத் தளத்தையும் விட்டுடாதீங்க. மலையகத்துல வந்த பழைய சஞ்சிகைகளும் மலர்களும் அதுல இருக்கு, வெளிநாட்டு டேட்டாபேஸ்ல தேடினா கிடைக்காத சாமான்.

பொகவந்தலாவை டீச்சர்:
அந்த வரியை கொப்பி பண்ணி அனுப்பினேன் ஐயா. மத்தியானமே சேத்துட்டதா பதில் வந்துச்சு, இப்ப அந்தச் சஞ்சிகையும் திறக்குது. ஹட்டன் தம்பி, உங்க கடையில ரெண்டு பக்கமும் பிரிண்ட் போட ஒரு தாளுக்கு எவ்வளவு? சனிக்கிழமை டவுனுக்கு வர்றேன்.

ஹட்டன் கொமினிகேஷன்:
வாங்க டீச்சர், விலை குறைச்சுப் போடலாம். பென் டிரைவ்ல கொண்டு வராதீங்க, கடை மெஷின்ல வைரஸ் ஓடுது. ஈமெயில்ல அனுப்பிடுங்க.