நெட்வொர்க் டிரைவர்ல டிரான்ஸ்மிட் க்யூ (பாக்கெட் அனுப்புற வரிசை) அப்டியே நின்னுபோகுது, இன்டெல் லேப்டாப்ல வரல, ஏஆர்எம் போர்டுல மட்டும் வருது

மண்டபத்துக்காரன்: அண்ணே, ஜெட்டி பக்கம் ஐஸ் கம்பெனில கேமராவுக்கு நாலு கோர் ஏஆர்எம் போர்டு வச்சிருக்கேன், லினக்ஸ், ஈதர்நெட் சிப்புக்கு டிரைவர் நானே எழுதுனது. லோடு ஏறுனா திடீர்னு பாக்கெட் போகாது, அஞ்சு செகண்ட் கழிச்சு டிமெசேஜ்ல (கெர்னல் லாக்) வாட்ச்டாக் (க்யூ நின்னுபோச்சான்னு கண்காணிக்கிறது) "டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்ட் அவுட்"னு கத்தும், ரீசெட் ஆகி மறுபடி ஓடும். ஸ்பின் லாக் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பிடிக்கிற பூட்டு, மத்தவங்க கிடைக்கிறவரை சுத்திக்கிட்டே காத்திருக்கணும்) போட்டுப் பாத்தேன், போர்டே உறைஞ்சிருச்சு.

கீழக்கரை: கச்சான் காத்துல உப்பு பறக்குதே தம்பி, ப்ளக்க கழட்டிப் பாருங்க, பின்னு பச்சை பூத்திருக்கும். நம்மூர்ல பாதிப் பிரச்சனை அதான்.

மண்டபத்துக்காரன்: பச்சையாத்தான் இருந்துச்சுண்ணே, மாத்திட்டேன். மாத்தியும் இன்னைக்கு ரெண்டு தடவ நின்னுச்சு. லிங்க் விழவே இல்ல. ஒரே கோர்ல பூட் பண்ணா மட்டும் வரமாட்டேங்குது.

தொண்டி: ஒரு கோர்ல வரலன்னாலே ரேஸ்தான், ரெண்டு கோர் ஒரே நேரத்துல ஒரே விஷயத்தத் தொட்டு வர்ற குழப்பம். ரிங் (அனுப்ப வேண்டிய பாக்கெட்ட வைக்கிற இடம்) ரொம்புனதும் க்யூவ நிப்பாட்டிட்டு இடம் இருக்கான்னு திரும்பப் பாக்குறீங்கள்ல, நடுவுல எஸ்எம்பி மெமரி பேரியர் (முதல்ல எழுதுனது மத்த கோருக்குத் தெரிஞ்ச பிறகுதான் அடுத்தத படிக்கணும்னு கட்டாயப்படுத்துறது) இருக்கா? கூடை ரொம்பிருச்சுன்னு நீங்க 'நிப்பாட்டு' பலகைய மாட்டுறீங்க, அதே நேரத்துல இன்னொரு கோர்ல கூடையக் காலி பண்றவன், பலகை இல்லியேன்னு யாரையும் எழுப்பாமப் போயிர்றான், நீங்களும் பழைய கணக்கப் பாத்து இடமில்லன்னு உக்காந்துட்டீங்க, அப்புறம் யாரு எழுப்புவா? இன்டெல்ல அந்த 'நிப்பாட்டு' பிட்ட செட் பண்றதே பேரியர் மாதிரி ஆயிரும், அதான் லேப்டாப்ல தப்பிச்சுச்சு, ஏஆர்எம்ல அப்டி கிடையாது. கம்ப்ளீஷன் பக்கமும் (அதான் கூடையக் காலி பண்றவன் பக்கம்) இண்டெக்ஸ ஏத்துன பிறகு ஒரு பேரியர், அப்புறம்தான் க்யூ நிக்குதான்னு பாக்கணும். ஒரு பக்கம் மட்டும் போட்டா வேலைக்கு ஆகாது. போர்டு உறைஞ்சது தனிக் கதை: லாக்க பிடிச்சிருக்கும்போதே அதே கோர்ல இன்டரப்ட் வந்து அதே லாக்கக் கேட்டா காலம்பூரா சுத்திக்கிட்டே கிடக்கும், ஐஆர்க்யூசேவ் (இன்டரப்ட்ட நிறுத்திட்டு லாக் பிடிக்கிறது) போட்டிருக்கணும். இங்க லாக்கே வேணாம். கெர்னல் 6.4க்கு மேலன்னா இதுக்குன்னே மேபி ஸ்டாப் மேக்ரோ இருக்கு, அதையே எடுத்துக்கங்க.

மண்டபத்துக்காரன்: என்னுது 5.15, அதனால கையாலயே ரெண்டு பக்கமும் பேரியர் போட்டேன். நேத்து ராத்திரி நாலு கோர்லயும் ஐபெர்ஃப் (நெட்வொர்க் லோடு டெஸ்ட்) ஓடவிட்டுப் படுத்தேன், விடிய மீன் வண்டி சத்தத்துல முழிச்சுப் பாத்தா டிமெசேஜ்ல ஒரு வரி இல்ல.

கீழக்கரை: சரி சரி, அந்தப் ப்ளக்குக்கு கொஞ்சம் கிரீஸ் தடவி வைங்க.